யாரைக் கேட்டுட்டு இல்லைங்குது?

விண்டோஸ்ல எதையாவது இன்ஸ்டால் பண்ணும்போது புட்டுக்கிச்சுன்னா ஒரு நம்பரைத் துப்பும், பாத்திருப்பீங்க. பூஜ்ஜியம், எக்ஸ், எட்டுன்னு ஆரம்பிக்கும். நம்மாளுங்க முக்கால்வாசிப் பேர் அந்த நம்பரை அப்படியே அள்ளி கூகுள்ல போடுவாங்க. முதல்ல வர்ற நாலு வைத்தியத்தையும் வரிசையா செஞ்சு பாப்பாங்க. அஞ்சாவதா "ஃபார்மட் பண்ணிரலாம் பாஸ்"னு முடிப்பாங்க. அந்த நம்பருக்குன்னு ஒரு அர்த்தம் இருக்கு, அதைப் படிச்சா பாதி வேலை முடிஞ்சுதுங்கற விஷயம் யாருக்கும் தோணாது. எனக்கு அது நல்லா உறைச்சது ஆபீஸ்ல இல்லை. மன்னார்குடி பக்கத்துல எங்க மாமாவோட எடைமேடையில.

எடைமேடைன்னா தெரியும்தானே மக்களே? ஹைவேஸ்ல போகும்போது ரோட்டோரமா லாரி ஏறி நிக்கற மாதிரி ஒரு இரும்பு மேடையும், பக்கத்துல ஜன்னல் வச்ச சின்ன ரூமும் இருக்குமே, அதான். மேடைக்கு அடியில லோடு செல்னு உருண்டையா உலோகத் துண்டுங்க உக்காந்திருக்கும். லாரி ஏறினா அதுங்க மேல அழுத்தம் விழும், அந்த அழுத்தம் துளியூண்டு மின்சாரமா மாறும், எல்லாம் ஒரு ஜங்ஷன் பாக்ஸ்ல சேர்ந்து ரூமுக்குள்ள இருக்கற இண்டிகேட்டர்ல கிலோவா தெரியும். அதுல இருந்து ஒரு சீரியல் கேபிள் கம்ப்யூட்டருக்குப் போகும். லோடோட ஒரு எடை, இறக்கிட்டு வெறும் வண்டியா ஒரு எடை, கழிச்சா சரக்கு எடை. டாட் மேட்ரிக்ஸ் பிரிண்டர்ல கர்ர்ர்னு சீட்டு வரும். இவ்வளவுதான் தொழில்.

2023 ஜனவரி. சம்பா அறுவடை நேரம். மாமாவோட பழைய கம்ப்யூட்டர் திங்கட்கிழமை புகை விட்டு மண்டையைப் போட்டுருச்சு. தஞ்சாவூர்ல ஒரு கடையில போய், ஏதோ ஒரு கம்பெனியில பயன்படுத்திக் கழிச்ச கம்ப்யூட்டரா பாத்து புதன்கிழமை வாங்கிட்டு வந்துட்டார். நான் குடியரசு தினத்துக்கு வெள்ளிக்கிழமையும் லீவு சேர்த்துப் போட்டு ஊருக்கு வர்றேன்னு அம்மா மூலமா தகவல் போயிருக்கு. வியாழக்கிழமை காலையில பஸ்ஸை விட்டு இறங்கி பல்லு கூட விளக்கலை, பைக்கோட ஆள் நிக்குது :-)

"வா மாப்ள, உனக்கு இதெல்லாம் ஒரு அஞ்சு நிமிஷ வேலை"ன்னார் மாமா. (எங்க குடும்பத்துல இன்வெர்ட்டர், டிவி ரிமோட், கேஸ் புக்கிங் எல்லாமே எனக்கு அஞ்சு நிமிஷ வேலைதான்.)

நான் போனப்ப வாசல்ல ஏழெட்டு டிராக்டர், நாலு டிப்பர் நின்னுச்சு. எல்லாம் நெல்லு. மூணு நாளா மாமா இண்டிகேட்டரைப் பாத்து, கார்பன் வச்சு, கையால சீட்டு எழுதிக் கொடுத்துட்டு இருந்திருக்கார். எடை சரியாத்தான் காட்டுது, மேடையில தொழிலாளர் துறை முத்திரை எல்லாம் பக்காவா இருக்கு. ஆனா கையெழுத்துச் சீட்டை வியாபாரி ஒத்துக்க மாட்டேங்கறான். ஒரு மூணை எட்டாக்கறது எவ்வளவு நேரம்? அந்த சீசன்ல பொது ரக நெல்லுக்கு மத்திய அரசு ஆதரவு விலை குவிண்டாலுக்கு 2,040 ரூபாய். நூறு கிலோ அப்படி இப்படி ஆச்சுன்னா கிட்டத்தட்ட அந்தப் பணம் ஒருத்தன் கையில இருந்து இன்னொருத்தன் கைக்குப் போகுது. அதனால வியாபாரிங்க வண்டியைத் திருப்பி பன்னெண்டு கிலோமீட்டர் தள்ளி இன்னொரு எடைமேடைக்கு அனுப்பிட்டு இருந்தாங்க. டீசல் செலவு விவசாயி தலையில. போதாக்குறைக்கு வங்காள விரிகுடாவுல என்னமோ உருவாகுதுன்னு வேற பேச்சு. நெல்லு மேல படுதாவைப் போட்டு மூடிட்டு, வானத்தைப் பாத்துக்கிட்டு நிக்கறாங்க ஜனங்க.

சரின்னு உக்காந்தேன். எடை மென்பொருள் 2009ல கும்பகோணத்துல ஒருத்தர் எழுதிக் கொடுத்தது. அவர் இப்ப வளைகுடாவுல எங்கேயோ இருக்கார். சிடி மட்டும் பத்திரமா இருந்துச்சு. பழைய ஹார்ட் டிஸ்க் உயிரோட இருந்ததால தரவுக் கோப்பையும் எடுத்தாச்சு. சிடியைப் போட்டு செட்டப்பைத் தட்டினா, "டாட் நெட் ஃப்ரேம்வொர்க் 3.5 வேணும், டவுன்லோட் பண்ணவா?"ன்னு விண்டோஸ் கேக்குது. பண்ணுப்பான்னேன். ரெண்டு நிமிஷம் பச்சைக் கோடு ஓடிச்சு. அப்புறம் 0எக்ஸ்8024402சி.

இங்க ஒரு சின்ன கிளாஸ். தெரிஞ்சவங்க அடுத்த பத்திக்குத் தாவிருங்க. 2005ல வந்த 2.0, 2006ல வந்த 3.0, 2007ல வந்த 3.5, இந்த மூணு டாட் நெட்டும் ஒரே என்ஜின்ல ஓடறவை. 2010ல 4.0 வந்தப்ப என்ஜினையே மாத்திட்டாங்க. அதுக்கப்புறம் வந்த 4.5, 4.8 எல்லாம் 4.0 உக்காந்த நாற்காலியில மாத்தி மாத்தி உக்காருமே ஒழிய, 3.5 நாற்காலிக்கு வராது. அதனால கம்ப்யூட்டர்ல 4.8 இருக்குங்கறதுக்காக 3.5 கேக்கற மென்பொருள் ஓடிரும்னு சொல்ல முடியாது. விண்டோஸ் 7ல 3.5 கூடவே வந்துச்சு, மாமாவோட பழைய பொட்டி அதான். அதனால இப்படி ஒரு வஸ்து இருக்கறதே அவருக்குத் தெரியாது. 2012ல விண்டோஸ் 8 வந்தப்ப இடத்தை மிச்சம் பிடிக்கறேன்னு 3.5ஓட கோப்புகளை உள்ள வைக்கறதை விட்டுட்டாங்க. பேர் மட்டும் லிஸ்ட்ல இருக்கும், டிக் பண்ணினா அப்பத்தான் இணையத்துல இருந்து இழுத்துட்டு வரும். 'தேவைப்படும்போது கேட்டு வாங்கிக்கலாம்'ங்கற ஏற்பாடு. நல்ல ஏற்பாடுதான். கேட்டா கொடுக்க எதிர்ல ஒருத்தர் எப்பவும் இருப்பார்னு நம்பிச் செஞ்ச ஏற்பாடு.

முதல் சந்தேகம் இணையம். என் போன்ல இருந்து ஹாட்ஸ்பாட் போட்டிருந்தேன். பிரவுசர்ல எல்லாத் தளமும் நல்லாத் திறக்குது. சரி, நெட்டே வேணாம், வேற வழியில போவோம்னு என் பையில இருந்த விண்டோஸ் 10 பென் டிரைவை எடுத்தேன். இன்ஸ்டால் பண்ற விண்டோஸ் டிஸ்க்குல 'சோர்சஸ்'னு ஒரு ஃபோல்டர், அதுக்குள்ள 'எஸ்எக்ஸ்எஸ்'னு இன்னொண்ணு. 3.5ஓட கோப்பு அங்க இருக்கும். கமாண்ட் பிராம்ப்ட்டை அட்மினா திறந்து, டிஸ்ம் கட்டளையில 'நெட்எஃப்எக்ஸ்3'ங்கற வசதியை, இந்த ஃபோல்டர்ல இருந்து எடு, இணையத்துப் பக்கம் போகாதேன்னு சொன்னா வேலை முடியணும். முடியலை. இந்தத் தடவை வேற நம்பர். 0எக்ஸ்800எஃப்081எஃப். மூலக் கோப்பு கிடைக்கலைன்னு அர்த்தம்.

கோப்பு கண்ணு முன்னாடி இருக்கு, கிடைக்கலைங்குது! ஆனா இதுக்குக் காரணம் உடனே புரிஞ்சிருச்சு. 'வின்வெர்'னு அடிச்சுப் பாத்தா மாமா வாங்கின பொட்டியில இருக்கறது 1809 வெர்ஷன். என் பென் டிரைவ்ல 22எச்2. பேர் ரெண்டும் விண்டோஸ் 10தான், ஆனா எஸ்எக்ஸ்எஸ் கோப்பு வெர்ஷனுக்கு வெர்ஷன் பொருந்தணும். பொருந்தலைன்னா "இது வேற"ன்னு சொல்லாது, "இல்லை"ன்னு சொல்லிரும். இந்த 081எஃப்ல மாட்டிக்கிட்டு முழி பிதுங்கற நிறைய பேருக்கு மேட்டர் இதுதான். 1809ஓட முழு டிஸ்கையும் எறக்கலாம்னா நாலு ஜிபிக்கு மேல. அந்த வயக்காட்டுல எனக்கு வந்த சிக்னலுக்கு மறுநாள் காலையில முடிஞ்சிருக்கும்.

மாமா ஜன்னல் வழியா கையால சீட்டு எழுதிக் கொடுத்துக்கிட்டே நடுநடுவுல எட்டிப் பாத்துட்டு இருந்தார். "என்னடா சொல்லுது?"

"இல்லைன்னு சொல்லுது மாமா."

"யாரைக் கேட்டுட்டு இல்லைங்குது?"

அவர் கடுப்புல கேட்டார். ஆனா நான் அப்ப மொபைல்ல அந்த முதல் நம்பருக்கு அர்த்தத்தைத்தான் தேடிட்டு இருந்தேன். வைத்தியத்தை இல்லை, அர்த்தத்தை. 8024402சின்னா, போகவேண்டிய சர்வரோட பேரை விலாசமா மாத்த முடியலைன்னு அர்த்தம். மைக்ரோசாஃப்ட் பேருக்கு என் ஹாட்ஸ்பாட்ல விலாசம் கிடைக்காம போகாது. அப்படின்னா இந்தப் பொட்டி மைக்ரோசாஃப்ட்டைக் கேக்கலை. வேற யாரையோ கேக்குது!

செட்டிங்ஸ்ல விண்டோஸ் அப்டேட் பக்கத்தைத் திறந்தா மேலேயே சிவப்பு எழுத்துல ஒரு வரி. சில அமைப்புகளை உங்கள் நிறுவனம் நிர்வகிக்கிறதுன்னு. அப்டேட் வரலாற்றைப் பாத்தேன். கடைசியா ஒழுங்கா அப்டேட் ஆனது 2020 மார்ச், ரெண்டாவது வாரம். அதுக்கப்புறம் ஒண்ணுமே இல்லை.

அந்தத் தேதியைப் பாத்ததும் கொஞ்ச நேரம் கை ஓடலை. அந்த மாசம் 24ந் தேதி ராத்திரிதான் நாடு முழுக்க ஊரடங்குன்னு அறிவிச்சாங்க. ஏதோ ஒரு ஆபீஸ்ல எல்லாரும் லேப்டாப்பைத் தூக்கிட்டு வீட்டுக்குப் போயிருப்பாங்க. மேஜை மேல இருந்த இந்தப் பொட்டியை அணைச்சவங்க திரும்ப வந்து ஆன் பண்ணவே இல்லை போல. அப்புறம் மொத்தமா எடை போட்டு வித்திருப்பாங்க. (அதையும் ஏதாவது எடைமேடையில நிறுத்தித்தான் போட்டிருப்பாங்க, ஹிஹி.)

ரெஜிஸ்ட்ரியைத் திறந்தேன். லோக்கல் மெஷின், சாஃப்ட்வேர், பாலிசீஸ், மைக்ரோசாஃப்ட், விண்டோஸ், விண்டோஸ்அப்டேட். அங்க ஒரு சர்வர் விலாசம் சம்மணம் போட்டு உக்காந்திருந்துச்சு, 8530ங்கற போர்ட் நம்பரோட. பெரிய கம்பெனிகள்ல ஆயிரம் கம்ப்யூட்டரும் தனித்தனியா மைக்ரோசாஃப்ட்டுக்குப் போகாம, உள்ளேயே ஒரு சர்வர் வச்சு அது மூலமா அப்டேட் கொடுப்பாங்க. எதைக் கொடுக்கணும், எதைக் கொடுக்கக் கூடாதுன்னு ஐடி ஆளுங்க முடிவு பண்ணுவாங்க. எங்க ஆபீஸ்லயும் இதே கதைதான். அந்த சர்வரோட பேர் அவங்க கட்டிடத்துக்குள்ளதான் செல்லுபடியாகும். வெளியில அந்தப் பேர்ல யாரும் கிடையாது. இந்தப் பொட்டி மன்னார்குடி வயக்காட்டுல உக்காந்துக்கிட்டு இன்னும் அந்தப் பழைய ஆபீஸ் சர்வரைப் பேர் சொல்லிக் கூப்பிட்டுட்டு இருக்கு. பதில் வரலை, அதனால "முடியலை"ங்குது.

விஷயத்தை மாமாவுக்குச் சொன்னேன். சந்தோஷப்படுவார்னு பாத்தா மனுஷன் மூஞ்சி மாறிருச்சு.

"அப்ப இது இன்னும் அவங்க ஆளா?"

"அப்படி இல்லை மாமா..."

"நம்ம கணக்கெல்லாம் அவங்களுக்குப் போகுமாடா? எந்த வியாபாரிக்கு எவ்வளவு லோடு, எல்லாம் இதுலதான வரப்போகுது. வெளியில தெரிஞ்சா எவன் என்கிட்ட எடை போடுவான்?"

இதை நான் எதிர்பார்க்கலை. என் கண்ணுக்கு அது ரெஜிஸ்ட்ரியில ஒரு எண். அவர் கண்ணுக்கு, காசு கொடுத்து வாங்கின பொருள் இன்னொருத்தனுக்கு விசுவாசமா இருக்கு. யோசிச்சுப் பாத்தா அவர் கேட்டது ரொம்ப நியாயமான கேள்வி. அப்டேட் கேக்கறது ஒருபக்கம், கணக்கை அனுப்பறது வேற, அந்த சர்வரை இங்க இருந்து தொடக்கூட முடியாதுன்னு விளக்கினேன். ரிமோட்ல உள்ள வர்ற மென்பொருள் எதுவும் ஓடுதான்னு சர்வீஸ் லிஸ்ட் முழுக்கப் பாத்தேன், டொமைன்ல இருந்து விலகிடுச்சான்னு பாத்தேன். விலகித்தான் இருந்துச்சு, அந்தக் கொள்கை மட்டும் ஒட்டிக்கிட்டு வந்திருக்கு. இருந்தாலும் மனசுக்குள்ள என் தீர்ப்பு என்னன்னா, அடுத்தவங்க கம்பெனியில இருந்து வந்த பொட்டியைத் துடைச்சு, புதுசா விண்டோஸ் போட்டுத்தான் கணக்குக்குப் பயன்படுத்தணும். ஆனா அதுக்கு அரை நாள் வேணும். வாசல்ல பதினோரு வண்டி நிக்குது. இன்னிக்கு நெல்லு போகட்டும், சீசன் முடிஞ்சதும் நானே வந்து துடைச்சுத் தர்றேன், அதுவரைக்கும் இதுல நெட் கேபிள் சொருகக் கூடாதுன்னு பேசி முடிச்சோம்.

'ஏயூ'ங்கற உள் ஃபோல்டர்ல 'யூஸ்டபிள்யூயூசர்வர்'னு ஒரு மதிப்பு, ஒண்ணுன்னு இருந்துச்சு. பூஜ்ஜியம் ஆக்கினேன். விண்டோஸ் அப்டேட் சர்வீஸை நிறுத்தித் திரும்பக் கிளப்பினேன். 3.5ஐ மறுபடி டிக் பண்ணினேன். பச்சைக் கோடு மெதுவா ஊர்ந்துச்சு. பாதியில என் போன் சிக்னல் ஒரு கோடா குறைஞ்சு, போனைத் தூக்கி ஜன்னல் கம்பியில சொருகி வச்சு... ஒருவழியா முடிஞ்சுது. முடிஞ்ச கையோட இணைப்பை மீட்டர்டுன்னு மாத்திட்டேன். இதைச் செய்யலைன்னா மூணு வருஷப் பட்டினிக்கும் சேர்த்து ஜிபி ஜிபியா அப்டேட்டை இழுக்க ஆரம்பிச்சு, நடுவுல ரீஸ்டார்ட்டும் கேட்டிருக்கும்.

நடுவுல சில பேர் கேப்பீங்க, எக்ஸ்இ பக்கத்துல ஒரு கான்ஃபிக் கோப்பு வச்சு 4.0 என்ஜின்லயே ஓட்டியிருக்கலாமேன்னு. பல மென்பொருளுக்கு அது வேலை செய்யும். ஆனா எடையில இருந்து பணம் கணக்காகற இடத்துல, எழுதினவர் சோதிச்சுப் பாக்காத என்ஜின்ல அதை ஓட்ட எனக்கு மனசு வரலை. சோதிக்க நேரமும் இல்லை.

மென்பொருள் ஏறிச்சு. காம் போர்ட் நம்பரை மட்டும் மாத்த வேண்டியிருந்துச்சு. பழைய தரவுக் கோப்பைப் போட்டதும் சீட்டு நம்பர் விட்ட இடத்துல இருந்து தொடர்ந்துச்சு, மாமாவுக்கு அதுதான் பெரிய நிம்மதி. ஆனா உடனே வண்டியை ஏத்தலை அவர். முதல்ல மேடையைக் காலியா விட்டு பூஜ்ஜியம் பாத்தார். அப்புறம் தன்னோட வெறும் டிராக்டரை மேடையோட ஒவ்வொரு மூலைக்கும் ஓட்டிப்போய் நிறுத்தி, ஒவ்வொரு தடவையும் இண்டிகேட்டர்லயும் ஸ்கிரீன்லயும் ஒரே நம்பர் வருதான்னு என்னை வாசிக்கச் சொன்னார். மூலைக்கு மூலை எடை வித்தியாசப்பட்டா அந்த மூலை லோடு செல்லுல கோளாறுன்னு அர்த்தமாம். "மேடை நல்லாத்தான் இருக்கு மாமா, மாத்தினது கம்ப்யூட்டர் மட்டும்தான"ன்னேன். "எதை மாத்தினாலும் முதல்ல இருந்துதான் பாக்கணும்"னார். எங்க டெஸ்டிங் டீம்ல இப்படி ஒருத்தர் இருந்தா நான் ஏன் ராத்திரி ஆணி புடுங்கப் போறேன்!

முதல் சீட்டு மத்தியானம் ரெண்டரைக்கு வந்துச்சு. ராத்திரி பத்து மணி வரைக்கும் பிரிண்டர் சத்தம் ஓயலை. வெள்ளி, சனியும் அப்படியே. திருப்பி அனுப்பின வியாபாரி ஒருத்தர் சனிக்கிழமை தானா வந்து சீட்டைத் திருப்பித் திருப்பிப் பாத்துட்டு வண்டியை விட்டார். பிப்ரவரி முதல் வாரத்துல டெல்டா முழுக்க மழை கொட்டினது உங்களுக்கு ஞாபகம் இருக்கும். அறுக்காம நின்னது சாஞ்சு போச்சு, களத்துல கிடந்தது நனைஞ்சு போச்சு. மாமா வாசல்ல அன்னிக்கு நின்ன நெல்லு மட்டும் அதுக்கு முன்னாடி போயிருச்சு. அந்த ஊர்லயே நனைஞ்ச நெல்லு எவ்வளவோ இருந்துச்சு, அதுக்கும் கம்ப்யூட்டருக்கும் சம்பந்தமில்லை.

ஏப்ரல்ல போய் சொன்ன மாதிரியே டிஸ்கை மொத்தமாத் துடைச்சு 22எச்2 போட்டேன். இந்தத் தடவை நெட்டே இல்லாம, அதே பென் டிரைவ்ல இருந்து 3.5 ரெண்டு நிமிஷத்துல ஏறிச்சு. விண்டோஸ் 10க்கு இலவச ஆதரவு 2025 அக்டோபர் 14ஓட முடிஞ்சுபோச்சு, ஆனா 3.5க்கு 2029 ஜனவரி வரைக்கும் இருக்குன்னு மைக்ரோசாஃப்ட் சொல்லுது. அதுக்குள்ள புதுசா நானே ஒண்ணு எழுதித் தரணும்னு மாமாவோட உத்தரவு. சீரியல் போர்ட்ல இருந்து எடையைப் படிக்கறது முடிஞ்சுது. ஏற்கெனவே அச்சடிச்சு வச்சிருக்கற சீட்டுல கட்டத்துக்குள்ள எழுத்தை விழ வைக்கறதுதான் தாவு தீருது. பென் டிரைவை மாமா கல்லாப்பெட்டியில முத்திரைச் சான்றிதழோட சேர்த்து வச்சிருக்கார். மேல ஒரு பேப்பர் சுத்தி, அவர் கையெழுத்துல: "கம்ப்யூட்டர் செத்தா இது. 22எச்2. வேற வெர்ஷன் ஆகாது."

டிஸ்கி: ஆபீஸ்ல கொடுத்த லேப்டாப்ல இந்த ரெஜிஸ்ட்ரி வேலையெல்லாம் பண்ணாதீங்க மக்களே. அங்க அந்த சர்வர் நிஜமாவே உயிரோட இருக்கும், கூடவே ஐடி ஆளும் இருப்பார் :-)